நீலத்துக்கு அடியில் கறுப்பு

வியன்னா நகரத்து வெல்ட்மியூசியத்தில் ஓர் இறகுத் தலையணி இருக்கிறது. உயரம் 116 சென்டிமீட்டர். விரித்த நிலையில் அகலம் 175 சென்டிமீட்டர். மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக் அரசர் மொக்தெசுமாவின் தலையணி என்று அதைச் சொல்வது வழக்கம். அவர் அதை அணிந்தார் என்பதற்குச் சான்று இல்லை. 1596-இல் ஆஸ்திரியாவின் அம்ப்ராஸ் கோட்டையில் எழுதிய பொருள் பட்டியலில் அது முதன்முதலாகத் தெளிவாகத் தெரிகிறது. மெக்சிகோ அதைத் திருப்பிக் கேட்கிறது. பயணத்தின் அதிர்வை அது தாங்காது என்று ஆராய்ந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். நூலும் வலையும் அவ்வளவு நைந்துவிட்டன. பச்சை மட்டும் இன்றும் ஒளிர்கிறது.

அந்தப் பச்சை கெட்சால் பறவையின் வாலில் வளரும் நீண்ட இறகு. அதற்குக் கீழே வளைந்து செல்லும் நீலப் பட்டை கொத்திங்கா என்ற சிறு பறவையினுடையது. இளஞ்சிவப்பைத் தந்தது அமெரிக்கக் கரண்டிவாயன். செம்பழுப்பு, குயில் குடும்பத்தைச் சேர்ந்த அணில் குயிலுடையது. பார்ப்பவர்களுக்கு இது நான்கு வண்ணங்களின் வரிசை. இயற்பியலும் வேதியியலும் தெரிந்தவர்களுக்கு, இறகு நிறம் பெறுகிற நான்கு முக்கிய வழிகளும் ஒரே பொருளில் அடுக்கி வைத்த பாடம்.

இந்தத் தலையணியை மலேசியாவின் ஜொகூரில் உட்கார்ந்துகொண்டு நினைக்கக் காரணம் உண்டு. ஆஸ்டெக் வீரர்களின் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுகிற பொழுதுபோக்கு உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. மேசைப் போர் விளையாட்டுக்கென்று வார்க்கும் இந்தப் பொம்மைகளில் ஒரு வீரனின் உயரம் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர். தலையில் இறகுக் கொண்டை, முதுகில் இறகுக் கொடி, கேடயத்தில் இறகு விளிம்பு என்று ஒவ்வொரு பொம்மையும் இறகால் நிறைந்திருக்கும். ஜொகூரில் இதைத் தீட்டுகிறவர் கெட்சாலைப் பார்க்க மத்திய அமெரிக்காவின் மலைக்காடுகளுக்குப் போக வேண்டும். ஆனால் அந்த நான்கு வழிகளும் ஜொகூரிலேயே பறந்துகொண்டிருக்கின்றன. சில, வீட்டு வாசலிலேயே.

படத்தைப் பார்த்து அதே பச்சைக் குப்பியைத் தேடுவதைவிட, இறகு அந்தப் பச்சையை எப்படி உண்டாக்குகிறது என்று தெரிந்துகொள்வது மேலானது என்பது என் உறுதியான எண்ணம். தூரிகைக்குப் பறவை சொல்லித் தருவது நிறத்தை அல்ல, அடுக்கும் முறையை.

செம்போத்தின் பழுப்பு, தீக்காக்கையின் சிவப்பு

எளிதானதிலிருந்து தொடங்கலாம். செம்பனைத் தோட்டத்து ஓரப் புதரில் 'பூப் பூப்' என்று அடிக்குரலில் கூப்பிடும் செம்போத்தை அறியாத தோட்டத்துத் தமிழர் இருக்க மாட்டார்கள். அதுவும் குயில் குடும்பம்தான். வியன்னாத் தலையணியில் இருக்கும் அணில் குயிலுக்கு உறவு. அதன் சிறகில் உள்ள செம்பழுப்பைத் தருவது மெலனின். நம் முடியையும் தோலையும் கறுப்பாக்குகிற அதே நிறமி. கறுப்பு வகை மெலனின் ஒன்று, செம்பழுப்பு வகை மெலனின் ஒன்று. இரண்டின் அளவையும் கூட்டிக் குறைத்துப் பறவைகள் கறுப்பு முதல் பழுப்பு, துரு நிறம் வரை எல்லாவற்றையும் உண்டாக்கிக்கொள்கின்றன. பறவையின் உடலே இதைச் செய்கிறது. மெலனின் இறகுக்கு வலுவும் தரும். பல வெள்ளைப் பறவைகளின் சிறகு நுனி மட்டும் கறுப்பாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிவப்பு வேறு கதை. கோத்தா திங்கிக்கு அப்பால் உள்ள பந்தி காடு பறவை பார்க்கிறவர்களுக்குப் பெயர் பெற்ற இடம். தாழ்நில மழைக்காட்டில் வாழும் டிரோகன் இனப் பறவைகளைத் தேடித்தான் பலர் அங்கே வருகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள இவற்றின் உறவுப் பறவையைத் தமிழில் தீக்காக்கை என்போம்; அந்தப் பெயரையே இங்குள்ளவற்றுக்கும் வைத்துக்கொள்ளலாம். கறுப்புத் தலை, பழுப்பு முதுகு, கீழே தீப்பிடித்த மாதிரி சிவப்பு. அசையாமல் கிளையில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். ஆஸ்டெக்குகள் போற்றிய கெட்சாலும் டிரோகன் குடும்பத்துப் பறவைதான். உலகின் இரு பக்கத்திலும் ஒரே குடும்பம். கெட்சாலின் மின்னும் பச்சை நம் ஊர் டிரோகன்களிடம் இல்லை. வயிற்றுச் சிவப்பு இரண்டுக்கும் பொது.

அந்தச் சிவப்பைத் தருவது கரோட்டினாய்டு. கேரட்டிலும் செம்பனைப் பழத்திலும் இருக்கும் நிறமிக் கூட்டம் இது. பறவையால் இதைத் தானாக உண்டாக்க முடியாது; தின்றுதான் பெற வேண்டும். இலையில் இருப்பது புழுவுக்குப் போய், புழுவிலிருந்து பறவைக்கு வந்து, இறகில் படிகிறது. பல பறவைகள் உணவில் வரும் மஞ்சள் கரோட்டினாய்டைச் சிவப்பாக மாற்றிக்கொள்கின்றன. அந்த வேலையைச் செய்யும் மரபணுவை 2016-இல்தான் கண்டுபிடித்தார்கள். கரண்டிவாயனின் இளஞ்சிவப்பும், ஜொகூர் பாரு வீடமைப்புப் பகுதிகளில் விடியற்காலை கூவும் மாங்குயிலின் மஞ்சளும் இந்த வகையே. வெயிலில் வெளிறிப்போவது இந்த நிறமிகளின் குணம். வியன்னாவில் பச்சை நின்று ஒளிர்வதன் காரணமும் இங்கேதான் தொடங்குகிறது: அந்தப் பச்சையை உண்டாக்கப் பச்சைச் சாயம் எதுவும் தேவைப்படவில்லை.

நம் நாட்டுத் தேசியப் பறவையான பெரிய கொம்பு இருவாச்சியைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனமில்லை. எண்டாவ் ரொம்பின் காட்டில் அதன் சிறகோசையைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அதன் அலகின் மேல் வளைந்து நிற்கும் கொம்பு குஞ்சில் வெளிறியிருக்கும். வளர்ந்த பறவை தன் வாலடிச் சுரப்பியில் ஊறும் நிறமுள்ள எண்ணெயை எடுத்துக் கொம்பில் தேய்த்துத் தேய்த்து அதை ஆரஞ்சும் சிவப்புமாக ஆக்கிக்கொள்கிறது. வெளிர் நிறத்தின் மேல் மெல்லிய சாயத்தைத் திரும்பத் திரும்பப் பூசுவது சிற்றுருவம் தீட்டுகிறவர்கள் நாள்தோறும் செய்கிற வேலை. இருவாச்சி அதைத் தன் மேலேயே செய்துகொள்கிறது.

சாயமே இல்லாத நீலம்

வாய்க்கால் ஓரத்து மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் வெண்மார்பு மீன்கொத்தியைப் பாருங்கள். ஜொகூர் நீரிணையின் சதுப்புநிலக் காடுகளில் வெண்கழுத்து மீன்கொத்தியும் இருக்கிறது. இரண்டின் முதுகிலும் கண்ணைப் பறிக்கும் நீலம். அந்த இறகை அரைத்துப் பொடியாக்கினால் நீலப் பொடி கிடைக்காது. இறகின் நுண்ணமைப்பு உடைந்தவுடன் நீலம் போய்விடும். மிஞ்சுவது மெலனினின் மங்கல். பறவைகளின் நீலத்தில் ஏறக்குறைய எல்லாமே இப்படிப்பட்டதுதான்.

இறகின் நடுத்தண்டிலிருந்து இரு பக்கமும் கிளையிழைகள் பிரிகின்றன. மீன்கொத்தியின் கிளையிழை ஒன்றைக் குறுக்கே வெட்டி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால், இறகுப் பொருளான கெரட்டினுக்குள் ஆப்பத்தின் நடுவில் தெரியும் துளைகளைப் போல எண்ணற்ற காற்றுத் துளைகள் தெரியும். அந்தத் துளைகள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை. அளவும் இடைவெளியும் ஏறக்குறைய ஒரே சீராக இருப்பதால், நீல ஒளி அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்திக்கொண்டு வெளியே வருகின்றன. மற்ற நிறங்கள் உள்ளே போகின்றன.

இதைப் புரிந்துகொண்ட கதையில் ஒரு தமிழருக்குப் பங்கு உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன், நோபல் பரிசு வாங்கி நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1934-இல் பெங்களூரில் இருந்தபோது பனங்காடையின் இறகை எடுத்து ஆராய்ந்தார். தமிழ்நாட்டு வயல்வெளிகளில் பறக்கும்போது நீலத்தை அள்ளி வீசுகிற பறவை அது. வானம் நீலமாகத் தெரிவது எதனாலோ அதே சிதறல்தான் பறவை நீலத்துக்கும் காரணம் என்று அறிஞர்கள் அன்று நம்பினார்கள். அந்த விளக்கம் பனங்காடைக்குப் போதாது என்று ராமன் கண்டார். அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நிறம் உண்டாக்குவதை நோக்கி அவர் சிந்தனை போனது. அவரே நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் ஆய்விதழில், அதுவும் முதல் தொகுதியில், அந்தக் கட்டுரை வெளிவந்தது.

இதை எண்களோடு நிறுவ இன்னும் 64 ஆண்டுகள் ஆயின. 1998-இல் ரிச்சர்ட் பிரம் என்ற அமெரிக்கப் பறவையியலாளரும் உடன் ஆய்ந்தவர்களும் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, துளைகளின் அமைப்புச் சீரே நீலத்துக்குக் காரணம் என்று காட்டியது. அவர்கள் எடுத்துக்கொண்ட பறவை கொத்திங்கா. ஆஸ்டெக்குகள் முழுத் தோலோடு திறையாக வாங்கிய நீலப் பறவையின் நெருங்கிய சொந்தம். பனங்காடையில் ராமன் எழுப்பிய கேள்விக்குக் கொத்திங்கா பதில் சொன்னது. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தொடர்புகளில் இது ஒன்று.

இந்த நீலம் எந்தப் பக்கம் திரும்பினாலும் பெரிதாக மாறாது. சிற்றுருவம் தீட்டுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கோணத்துக்குக் கோணம் நிறம் மாறும் பளபளப்புச் சாயம் இப்போது குப்பிகளில் கிடைக்கிறது. ஆசையில் அதைக் கேடயத்து நீலத்துக்கும் பூசிவிடுகிறார்கள். கொத்திங்கா நீலத்துக்கு அது பொருந்தாது. அந்த இடத்துக்குத் தேவை தெளிவான, சீரான, அசையாத நீலம்.

மின்னுவது எப்படி

கெட்சாலின் பச்சைக்குத்தான் அந்த மாறும் சாயம் பொருந்தும். இங்கே நிறம் பிறப்பது கிளையிழையில் அல்ல, அதிலிருந்து இன்னும் மெல்லியதாகப் பிரியும் நுண்ணிழைகளில். அவற்றுக்குள் மெலனின் துகள்கள் அடுக்கடுக்காக, சம தூரத்தில் நிற்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் திரும்பும் ஒளி மற்ற அடுக்கின் ஒளியோடு சேரும்போது குறிப்பிட்ட நிறம் மட்டும் பலமாகிறது. கோணம் மாறினால் ஒளி கடக்கும் தூரம் மாறும், நிறமும் நகரும். நேராகப் பார்த்தால் பொன் கலந்த பச்சை, சாய்த்துப் பார்த்தால் நீலத்தை நோக்கிப் போகும்.

ஜொகூரில் இதைப் பார்க்கக் காடு ஏற வேண்டாம். மாலையில் ஜொகூர் பாரு நகர மரங்களில் கூட்டம் கூட்டமாக வந்தடையும் சிவப்புக் கண் மைனாக்கள் தூரத்தில் கறுப்பாகத்தான் தெரியும். வெயில் படும்போது பச்சை எழும். வாசலில் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டின் ஆணைப் பாருங்கள்: வயிறு மஞ்சள், தொண்டை கருநீலம். மஞ்சள் எப்போதும் மஞ்சள். தொண்டையோ பறவை தலையைத் திருப்பினால் எரியும், மறுபக்கம் திருப்பினால் அணையும். விரலளவுப் பறவையிலேயே இரண்டு முறைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைக்காது.

தமிழர்களுக்கு இந்த மினுக்கம் புதிதல்ல. தைப்பூசத்தில் ஜொகூரின் தெருக்களில் மயில் காவடி ஆடி வரும்போது பீலியின் கண்கள் ஒவ்வோர் அசைவுக்கும் நிறம் மாறுவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறோம். இறகைத் தெய்வத்துக்குரியதாகக் கருதி உடலில் சுமந்த இனம் ஆஸ்டெக்குகள் மட்டுமல்ல. அந்த மயில் பீலியை 1665-இல் ஆங்கிலேய அறிவியலாளர் இராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தண்ணீரில் நனைத்ததும் நிறம் மறைவதைக் கண்டு, இது சாயத்தின் வேலையல்ல என்று எழுதினார். 2003-இல் சீன ஆய்வாளர்கள் துகள்களின் இடைவெளியையே அளந்துவிட்டார்கள்: நீலம் தெரியும் இடத்தில் சுமார் 140 நானோமீட்டர், பச்சையில் 150, மஞ்சளில் 165. பத்து, பதினைந்து நானோமீட்டர் வேறுபாட்டில் ஒரு நிறம் இன்னொன்றாகிறது. ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

நிறம் மாறும் சாயக் குப்பியிலும் இதே இயற்பியல்தான் இருக்கிறது. அபிரகத் தகட்டின் மேல் டைட்டானியம் டை ஆக்சைடை மிக மெல்லிய படலமாகப் படிய வைக்கிறார்கள். படலத்தின் தடிப்பைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் வெள்ளி, பிறகு பொன், சிவப்பு, நீலம், பச்சை என்று நிறம் மாறும். எல்லாம் 200 நானோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. எனவே பொம்மையின் தலையில் கெட்சால் இறகுக்கு அந்தச் சாயத்தைப் பூசுகிறவர் பறவையின் நிறத்தை மட்டும் நகலெடுக்கவில்லை. பறவையின் வழியையே பின்பற்றுகிறார்.

பச்சை என்றதும் எல்லாப் பச்சையும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கிளியின் பச்சை வேறு. துளை நீலத்தின் மேல் மஞ்சள் நிறமி ஏறி வருவது அது. வளர்ப்பு பட்ஜி கிளிகளில் நீல நிறக் கிளியைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சளை உண்டாக்கும் மரபணு பழுதாகி, கீழே இருந்த நீலம் வெளியே வந்த கிளி அது. பொம்மையில் கிளி இறகு இருந்தால் முதலில் நீலம், அதன் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய மஞ்சள். பச்சைக் குப்பியைத் திறக்கவே வேண்டாம்.

அடியில் என்ன இருக்கிறது

நான் இதுவரை சொல்லாமல் வைத்திருந்தது, தீட்டுகிறவர்களுக்கு மிகவும் பயன்படுவது. வெள்ளை மயிலைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் பீலியில் கெரட்டின் இருக்கிறது, மெலனின் இல்லை. மெலனின் போனதும் நீலமும் பச்சையும் சேர்ந்தே போய்விட்டன. மயிலில் மெலனினே அடுக்காகவும் நிற்கிறது. மீன்கொத்தி வகை நீலத்தில் அதன் வேலை வேறு: துளைப் பகுதிக்கு அடியில் கறுப்புத் திரையாக இருந்து, தேவையற்ற ஒளியை விழுங்கிவிடுகிறது. அந்தத் திரை இல்லாவிட்டால் எல்லா ஒளியும் திரும்பி வந்து நீலத்தைக் கரைத்து வெளுப்பாக்கிவிடும். அமெரிக்காவில் மெலனின் இல்லாமல் பிறந்த நீலக் காக்கையினப் பறவை ஒன்றை 2006-இல் ஆராய்ந்தவர்கள் இதையே கண்டார்கள்: துளைகள் இருந்தன, நீலம் இல்லை.

2025-இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் எழுதியது இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனது. தென்னமெரிக்காவின் டானஜர் பறவைகளையும் வேறு பாட்டுப் பறவைகளையும் எடுத்து, மேலே தெரியும் நிறத்துக்கு அடியில் மறைந்திருக்கும் இறகுப் பகுதியைப் பார்த்தார்கள். மஞ்சள், சிவப்புப் பகுதிகளுக்கு அடியில் வெள்ளை. நீலப் பகுதிகளுக்கு அடியில் கறுப்பு. வெள்ளை, கரோட்டினாய்டைக் கடந்து வந்த ஒளியை மீண்டும் மேலே அனுப்பி நிறத்தைப் பிரகாசமாக்குகிறது. கறுப்பு, மிச்ச ஒளியை விழுங்கி நீலத்தை ஆழமாக்குகிறது.

சிற்றுருவம் தீட்டுகிறவர்கள் நிறம் ஏற்றும் முன் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிக்கிறார்கள். மஞ்சளைக் கறுப்பின் மேல் பூசினால் சேற்று நிறம் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அதையே பறவை தன் இறகில் செய்து வைத்திருக்கிறது. ஆகவே ஆஸ்டெக் பொம்மையை எடுத்தால் முழுதும் ஒரே பிரைமர் அடிக்காதீர்கள். கெட்சால் பச்சையும் கொத்திங்கா நீலமும் வரும் இடங்களுக்குக் கறுப்பு. கரண்டிவாயன் இளஞ்சிவப்பும், மக்காவ் கிளியின் சிவப்பும், மஞ்சளும் வரும் இடங்களுக்கு வெள்ளை. குயில் பழுப்புக்கு எதுவானாலும் சரி. மேலே அடிக்கும் வார்னிஷிலும் வேறுபாடு வேண்டும்: கெட்சாலுக்கு மினுக்கம், மற்றவற்றுக்கு மங்கல். முழுப் பொம்மைக்கும் மங்கல் வார்னிஷ் அடித்தால் கெட்சால் செத்துவிடும்.

ஆஸ்டெக் இறகுக் கலைஞர்களுக்கு இது கையறிவாகத் தெரிந்திருந்தது. அமாந்தேகா என்று பெயர் பெற்ற அவர்கள் தனிக் குடியிருப்பில் குடும்பம் குடும்பமாக வாழ்ந்தவர்கள். ஸ்பானியத் துறவி பெர்னார்தினோ தெ சஹாகூன் அவர்களிடம் கேட்டு எழுதிய பெரும் நூலின் ஒன்பதாம் பகுதியில் அவர்கள் வேலை செய்த விதம் படங்களோடு இருக்கிறது. பஞ்சைப் பசை தடவித் தாளாக்கினார்கள். ஆர்க்கிட் செடியின் கிழங்கிலிருந்து பசை எடுத்தார்கள். முதலில் மலிவான இறகுகளைச் சாயமேற்றிப் பரப்பினார்கள். அதன் மேல்தான் அரிய இறகை ஒட்டினார்கள். கீழே எந்த நிறம் இருந்தால் மேலே உள்ளது எடுக்கும் என்று அறிந்து செய்த வேலை. இறகையே கொண்டு அவர்கள் 1539-இல் செய்த புனித கிரகோரியின் திருப்பலிப் படம், போப்பாண்டவருக்காகச் செய்தது, இன்று பிரான்சின் ஓஷ் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆஸ்டெக் பேரரசு வீழ்ந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன, கை மறக்கவில்லை.

மொக்தெசுமாவின் தலைநகரில் பறவைகளுக்கென்றே ஒரு மாளிகை இருந்தது. பணியாளர்கள் தீனி போட்டு, பருவத்தில் இறகை எடுத்துக்கொண்டார்கள். 1521 முற்றுகையின்போது அதற்குத் தீ வைத்ததை ஸ்பானியப் படைத்தலைவர் கோர்த்தெஸ் தன் அரசருக்கு எழுதிய கடிதத்தில் தானே சொல்கிறார். படிக்கும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

நிழலைத் தீட்டிய பறவை

மின்னும் நிறமே இல்லாத ஒரு பறவையிடமிருந்தும் கற்க வேண்டியது இருக்கிறது. ஜொகூரின் குனோங் லேடாங் மலையை 1854-இல் மலாக்காவிலிருந்து வந்து ஏறினார் இயற்கையாளர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ். அன்று அதன் பெயர் ஓஃபிர் மலை. ஆர்கஸ் கோழியின் தாயகம் என்று அதைக் கேள்விப்பட்டிருந்தார். குரல் கேட்டது, பறவை கண்ணில் படவில்லை. பல ஆண்டுகளாக அந்தக் காட்டில் வேட்டையாடி வந்த மலாய்க்காரரே அதைக் காட்டில் கண்டதில்லை என்று அவரிடம் சொன்னாராம்.

ஆர்கஸ் கோழிக்கு மலாயில் குவாங் ராயா என்று பெயர். ஆண் பறவை காட்டுத் தரையில் சருகுகளைக் கூட்டிச் சுத்தமான ஆடுகளம் அமைத்து, பெண் வந்ததும் சிறகுகளை விசிறியாக விரிக்கும். அந்தச் சிறகில் வரிசை வரிசையாக உருண்டைகள். ஒவ்வொன்றும் கிண்ணத்தில் வைத்த பந்து போலவே புடைத்துத் தெரியும். தொட்டால் தட்டை. மெலனின் பழுப்பும் கறுப்பும் வெளிர் நிறமும் மட்டும் கொண்டு தீட்டிய நிழல் அது. சார்ல்ஸ் டார்வின் 1871-இல் வெளியிட்ட மனிதனின் தோற்றம் பற்றிய நூலில் இந்த உருண்டைகளுக்குப் பல பக்கங்கள் ஒதுக்கினார். சிறகு விரிந்து நிமிர்ந்து நிற்கும்போது, மேலிருந்து வெளிச்சம் விழுகிற மாதிரி ஒவ்வோர் உருண்டையிலும் வெளிர் புள்ளி சரியான இடத்தில் இருப்பதை அவர் கவனித்தார். சாதாரணப் புள்ளியிலிருந்து படிப்படியாக இப்படி ஆகியிருக்க முடியும் என்பதை அதே பறவையின் மற்ற இறகுகளை வரிசையாக வைத்துக் காட்டினார்.

வெளிச்சம் மேலிருந்து வருவதாக வைத்துக்கொண்டு மேல்பக்கத்தை வெளிர்த்து, கீழ்ப்பக்கத்தைக் கறுப்பாக்குவது சிற்றுருவக் கலையின் அடிப்படை. 28 மில்லிமீட்டர் பொம்மையில் உண்மையான வெளிச்சம் போதிய நிழலைத் தராது. தூரிகைதான் தர வேண்டும். ஜொகூர் மலையின் ஒரு கோழி, நுண்ணோக்கியோ பளபளப்போ இல்லாமல், இதை முழுமையாகச் செய்திருக்கிறது. மின்னும் நிறங்கள் எல்லாம் சேர்ந்தாலும் இந்தப் பழுப்புச் சிறகுக்கு ஈடாகாது என்றே நான் சொல்வேன்.

பறவையை ஓவியத்தில் பார்த்துப் பழக விரும்புகிறவர்களுக்கு நீரிணைக்கு அப்பால் வாய்ப்பு இருக்கிறது. மலாக்காவில் 1803 முதல் 1818 வரை ஆட்சிப் பொறுப்பில் இருந்த வில்லியம் ஃபார்குவார், சீன ஓவியர்களைக் கொண்டு இந்தப் பகுதியின் விலங்கு, பறவை, செடிகளை வரைவித்தார். அந்த 477 ஓவியங்கள் இன்று சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். ஓவியர்களின் பெயர் எங்கும் பதியப்படவில்லை. ஒவ்வொரு படத்தையும் உண்டாக்கிய கைகள் யாருடையவை என்று தெரியாமல் போனது பெரிய இழப்பு.

தொடக்கத்துக்கு அரிய இறகு எதுவும் வேண்டாம். கம்போங் சேவலின் வால் இறகு ஒன்று போதும். காட்டுக்கோழியின் வம்சம் அது. ஜொகூர்க் காடுகளின் ஓரத்தில் இன்றும் அந்தக் காட்டுக்கோழி மேய்கிறது. வால் இறகை மேசை விளக்கின் கீழ் மெல்லத் திருப்பினால் கறுப்பிலிருந்து பச்சை எழுவது தெரியும். எந்த இடத்தில் பச்சை தொடங்குகிறது, எங்கே அணைகிறது, விளிம்பு எப்படிக் கறுப்பாகவே நிற்கிறது என்று பார்த்து, அதையே பொம்மையின் ஐந்து மில்லிமீட்டர் இறகில் வையுங்கள். பச்சையை முழுதும் பூசாதீர்கள். மூன்றில் ஒரு பங்கு கறுப்பாக விடுங்கள்.

காட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்தியிலோ எண்டாவ் ரொம்பினிலோ இருவாச்சி இறகு, தீக்காக்கை இறகு கீழே கிடந்தால் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள். 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவையை மட்டுமல்ல, அதன் பாகங்களையும் காக்கிறது. சட்டத்துக்கு அப்பாலும் காரணம் உண்டு. இந்தத் தீபகற்பத்தில் ஒரு காலத்தில் பச்சை மயில் இருந்தது. தலை முதல் வால் வரை மின்னும் பச்சை. கெட்சாலுக்கு நிகராக நம் மண் தந்த பறவை. கடந்த நூற்றாண்டில் அது இங்கிருந்து அழிந்துபோனது. மீன்கொத்தியும் செம்போத்தும் செம்பனைத் தோட்டத்தில் பிழைத்துக்கொள்ளும். தாழ்நில மழைக்காடு இல்லாத இடத்தில் தீக்காக்கை பிழைக்காது.